டிரம்முக்கு எந்த ஹெட்? ரீங்காரத்துக்கும் அடக்கத்துக்கும் நடுவே

முதன்முதலாகச் சொந்தமாக டிரம் செட் வாங்கியவர்கள் பெரும்பாலும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறோம். வீட்டில் ஓர் அறையில் செட்டை நிறுத்தி, டாமில் (செட்டில் குச்சியால் அடிக்கும், கம்பி இல்லாத டிரம்களில் ஒன்றில்) ஓர் அடி அடித்துப் பார்க்கிறோம். ‘தூம்’ என்று நிற்கும் என எதிர்பார்த்தது ‘தூங்ங்ங்’ என்று இழுத்துக்கொண்டே போகிறது. பாட்டில் கேட்ட சத்தம் இது இல்லையே என்று உடனே துணியையும் டேப்பையும் தேடுகிறோம். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பழைய செட் ஒன்றை வாங்கி, மூன்று டாமிலும் பட்டை பட்டையாக டேப் ஒட்டி, காலால் மிதித்து அடிக்கும் பெரிய கிக் டிரம்முக்குள் இரண்டு தலையணைகளைத் திணித்தேன். வீட்டில் கேட்க நன்றாகவே இருந்தது. கிட்டார், பேஸ், கீபோர்டு எல்லாரும் சேர்ந்து வாசித்த முதல் நாளில் கீபோர்டு வாசித்த அண்ணன் என்னிடம் வந்து, “அந்த இடத்துல டாம் ரோல் வரணுமே தம்பி, அடிச்சியா?” என்று கேட்டார். அடித்திருந்தேன். அவர் காதுக்குப் போய்ச் சேரவில்லை.

தனியாக அடிக்கும்போது தொல்லையாகத் தெரிகிற அந்த ரீங்காரத்தில் பெரும்பகுதி, மற்ற வாத்தியங்களோடு சேரும்போது டிரம்முக்கு உயிர் கொடுக்கிற விஷயம். இதை முதலில் மனதில் வாங்கிக்கொண்டால் எந்த ஹெட் வாங்குவது, எவ்வளவு அடக்குவது என்ற கேள்விகள் பாதி எளிதாகிவிடும்.

ஹெட் என்பது அடிக்கும் பரப்பு. பலர் ‘ஸ்கின்’ என்றும் சொல்வார்கள். ஒரு காலத்தில் அது கன்றுக்குட்டித் தோல்தான். மழைக்காலத்தில் தொய்ந்துபோகும், வெயிலில் விறைத்துக்கொள்ளும். 1950களின் நடுவில் அமெரிக்காவில் பாலியெஸ்டர் படலத்தால் ஆன ஹெட்கள் வந்தன. சிக் எவன்ஸ், ரெமோ பெல்லி ஆகிய இருவர் பெயரும் அந்த மாற்றத்தோடு சேர்த்துச் சொல்லப்படும். பெல்லியின் ரெமோ நிறுவனம் 1957இல் தொடங்கியது. இன்று கடையில் வாங்கும் ஹெட் அநேகமாக எல்லாமே அந்தப் படலத்தின் வாரிசுகள்தான்.

ரீங்காரம் எங்கிருந்து வருகிறது?

எவர்சில்வர் தட்டு கைதவறி விழுந்தால் ‘ஙொய்ங்’ என்று சத்தம் நீளும். விளிம்பில் ஒரு விரலை வைத்தால் போதும், சட்டென்று அடங்கிவிடும். டிரம்மிலும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது. ஏன் என்று கொஞ்சம் பார்த்துவிடலாம், பிறகு வரும் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

இழுத்துக் கட்டிய ஒரு வட்டப் படலத்தை அடித்தால் அது ஒரே விதமாக அதிர்வதில்லை. முழுப் படலமும் ஒன்றாக மேலும் கீழும் போய்வருவது ஒரு விதம். அதுதான் அடிப்படைச் சுரம். ஒரு பாதி மேலே போகும்போது மறுபாதி கீழே போவது இன்னொரு விதம். நான்கு துண்டாகப் பிரிந்து ஆடுவது, நடுவட்டமும் வெளிவட்டமும் எதிரெதிராக ஆடுவது என்று மேலும் பல உண்டு. ஓர் அடியில் இவை எல்லாம் ஒரே நேரத்தில் எழும். வீணைத் தந்தியில் இப்படி எழும் மேற்சுரங்கள் அடிப்படையின் 2 மடங்கு, 3 மடங்கு, 4 மடங்கு என்று ஒழுங்காக அமையும், அதனால் காதுக்கு ஒரே சுரமாகக் கேட்கும். வெறும் வட்டப் படலத்தில் அந்தக் கணக்கு 1.59, 2.14, 2.30 என்று போகிறது. ஒன்றோடொன்று சேராத சுரங்கள். டாமின் ‘ங்ங்ங்’ ஒலிக்குள் கேட்கிற அந்தக் கலங்கல் இதுதான்.

இந்த இடத்தில் மிருதங்கத்தைச் சொல்லாமல் போக முடியாது. திருச்சிக்காரரான சி.வி. ராமன் 1920இல் ‘நேச்சர்’ இதழில் இதைப் பற்றி எழுதினார், 1930களில் இன்னும் விரிவாக ஆராய்ந்தார். வலந்தலையின், அதாவது வலது பக்கத் தோலின், நடுவே இருக்கும் கறுப்புக் கரணையின் எடை, இந்த ஒழுங்கற்ற மேற்சுரங்களை 1, 2, 3, 4, 5 என்ற வரிசைக்கு இழுத்துக்கொண்டு வருகிறது என்று காட்டினார். அதனால்தான் மிருதங்கத்துக்குச் சுருதி சேர்க்க முடிகிறது. டிரம் செட்டில் கரணை இல்லை. மேற்சுரங்களை ஒழுங்குபடுத்த வழியில்லாததால், வேண்டாதவற்றைக் குறைக்கிறோம். அடக்கம் என்று இங்கே சொல்வது அந்தக் குறைப்பைத்தான்.

சரி, எங்கே தொட்டால் எது குறையும்? அடிப்படைச் சுரம் ஆடும்போது படலத்தின் நடுப்பகுதிதான் அதிகம் அசைகிறது. பாதி பாதியாகவும் நான்காகவும் பிரிந்து ஆடும் அதிர்வுகளில் நடுப்புள்ளி அசையாமல் இருக்கும், ஆட்டமெல்லாம் வெளிப்பக்கம்தான். ஆகவே ஓரத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் எடையோ துணியோ வைத்தால் மேற்சுரங்கள் அடங்கும், அடிப்படைச் சுரம் பெரிதாகப் பாதிக்கப்படாது. நடுவில் வைத்தால் டிரம்மின் குரலே போய்விடும். வீட்டிலேயே பார்க்கலாம்: டாமை நட்டநடுவில் அடியுங்கள், பிறகு விளிம்பிலிருந்து இரண்டு இன்ச் உள்ளே அடியுங்கள். முன்னதில் உருண்டையான ஒலி, பின்னதில் ரீங்காரம்.

தடிமன்தான் முதல் முடிவு

ஹெட்டின் தடிமனை ‘மில்’ என்ற அளவில் சொல்வார்கள். ஒரு மில் என்பது ஓர் இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மில்லிமீட்டரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், 10 மில் என்றால் சுமார் கால் மில்லிமீட்டர்தான்.

ஒற்றைப் படல ஹெட்டில் 10 மில் என்பது எல்லாருக்கும் தெரிந்த அளவு. ரெமோவில் அம்பாசடர், எவன்ஸில் ஜி1. இவை எளிதாக அதிரும், மெல்லிய அடிக்கும் பதில் சொல்லும், கார்வை (அடித்தபின் ஒலி நீடிக்கும் நேரம்) நீளமாக இருக்கும். இரட்டைப் படல ஹெட்டில் 7 மில் படலங்கள் இரண்டு ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கும். ரெமோ எம்பரர், எவன்ஸ் ஜி2 இந்த வகை. இரண்டு படலங்களும் உரசிக்கொள்வதாலும் எடை கூடுவதாலும் மேற்சுரங்கள் சீக்கிரம் அடங்கும். ஒலி தடித்து, கீழிறங்கி, சுருக்கமாக நிற்கும். பலமாக அடிப்பவர்களிடம் நாள்பட உழைப்பதும் இதுதான்.

இதிலிருந்து ‘ரீங்காரம் பிடிக்கவில்லையா, தடித்ததை வாங்கு’ என்ற முடிவுக்குத் தாவிவிடக் கூடாது. தடித்த படலத்தை அசைக்கப் பலம் வேண்டும். மென்மையாக வாசிக்கிறவர் கையில் அது வாயே திறக்காது. 10 இன்ச் சின்ன டாமில் தடித்த ஹெட்டைப் போட்டால் ‘டப்’ என்று அடைத்துக்கொள்ளும், அதே ஹெட் தரையில் நிற்கும் 16 இன்ச் ஃப்ளோர் டாமில் கம்பீரமாக இருக்கும். எல்லா டாமுக்கும் ஒரே ஹெட் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. சின்னதில் ஒற்றைப் படலம், பெரியதில் இரட்டை என்று கலந்து போடுவதைத் தாராளமாக முயன்று பாருங்கள்.

அடுத்தது பூச்சு. வெள்ளையாகச் சொரசொரவென்று இருக்கும் ‘கோட்டட்’ ஹெட், அந்தப் பூச்சின் எடையாலேயே கொஞ்சம் மேற்சுரத்தை அடக்கும், ஒலி சற்று வெதுவெதுப்பாக இருக்கும். கண்ணாடி போன்ற ‘கிளியர்’ ஹெட்டில் அடியின் கூர்மை தெளிவாக விழும். ஸ்னேரில் (அடியில் கம்பிகள் கட்டிய டிரம்மில்) குச்சிக்குப் பதில் பிரஷ் வைத்து வாசிக்கப் போகிறீர்கள் என்றால் கோட்டட் போலச் சொரசொரப்பான ஹெட்தான் வேண்டும். வழவழப்பான பரப்பில் பிரஷ்ஷுக்கு உரசல் கிடைக்காது.

அதற்குமேல், அடக்கத்தைத் தனக்குள்ளேயே வைத்து வரும் ஹெட்கள் இருக்கின்றன. ரெமோ பின்ஸ்ட்ரைப்பில் இரண்டு படலங்களுக்கு நடுவே ஓரத்தில் ஒட்டுப் பொருள் இருக்கிறது. பவர்ஸ்ட்ரோக் 3இல் ஒற்றைப் படலத்தின் அடியில் விளிம்பைச் சுற்றி மெல்லிய வளையம். ஓரத்தில் வளையம் வைக்கும் யோசனை மிருதங்கத்தின் மீட்டுத் தோலைப் பார்த்தவர்களுக்குப் புதிதாகத் தெரியாது. எவன்ஸ் ஹைட்ராலிக்கில் இரண்டு படலங்களுக்கு இடையே எண்ணெய்ப் படிவம் ஒன்று உண்டு. இவற்றிலேயே அதிகம் அடங்கிய ஒலி அதுதான் என்று என் காது சொல்கிறது. ஸ்னேருக்கென்று வரும் எச்.டி. டிரை ஹெட்டில் ஓரத்தைச் சுற்றிப் பொடித் துளைகள் இருக்கும். நடுவில் வட்டப் புள்ளி ஒட்டிய ஹெட்களும் கிடைக்கின்றன, அடி விழும் இடத்துக்குப் பலம் சேர்த்து ஒலியைக் குவிக்க.

வெளியே ஒட்டிய டேப்பை எடுத்துவிடலாம். ஹெட்டுக்குள்ளேயே இருக்கும் அடக்கத்தை எடுக்க முடியாது. அதனால் ஆரம்பத்தில் கொஞ்சம் அதிகமாகவே ரீங்காரம் செய்யும் ஹெட்டை வாங்கி, தேவைக்கு வெளியிலிருந்து அடக்குவதையே நான் சிபாரிசு செய்வேன். கிக் டிரம் மட்டும் இதற்கு விலக்கு. காரணம் கீழே வருகிறது.

கீழ் ஹெட்டை மறந்துவிடாதீர்கள்

டாமுக்கு இரண்டு ஹெட்: அடிக்கும் மேல் ஹெட், அடிபடாத கீழ் ஹெட். மேல் ஹெட் அசைந்ததும் உள்ளே இருக்கும் காற்று கீழ் ஹெட்டையும் தள்ளுகிறது, பிறகு இரண்டும் சேர்ந்து ஆடுகின்றன. கார்வையின் நீளத்தில் கீழ் ஹெட்டின் பங்கு பெரியது. 1970களில் பல டிரம்மர்கள் டாமின் கீழ் ஹெட்டையே கழற்றிவிட்டு வாசித்தார்கள், ஒலி வறண்டு சுருக்கமாக வேண்டும் என்பதற்காக. டாமின் அடியில் 10 மில் ஒற்றைப் படல கிளியர் போடுவது வழக்கம், பெரும்பாலானோர்க்கு அது போதும்.

அடிபடுவதில்லை என்பதால் கீழ் ஹெட்டை ஆண்டுக்கணக்கில் யாரும் தொடுவதில்லை. செகண்ட் ஹேண்ட் செட்டில் தயாரிப்பாளர் போட்டுக் கொடுத்த கீழ் ஹெட்டே இன்னும் இருக்கக்கூடும். மேலே எவ்வளவு நல்ல ஹெட் போட்டாலும் டாம் பேசவில்லை என்றால் கவிழ்த்துப் பாருங்கள்.

ஸ்னேரின் அடி ஹெட் முற்றிலும் வேறு. அது சுமார் 3 மில்தான், அடியில் இருக்கும் கம்பிகள் உடனே சிலிர்க்க வேண்டும் என்பதற்காக அவ்வளவு மெல்லியது. ‘ஸ்னேர் சைடு’ என்று கேட்டு வாங்க வேண்டும். அங்கே மேல் ஹெட்டைப் போட்டால் கம்பி சரியாகப் பேசாது. அடி ஹெட்டை மேலே போட்டு அடித்தால் அதோடு அது முடிந்தது.

டேப்பை எடுக்கும் முன் கீயை எடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். புதியவர்கள் ‘ரிங் அடிக்கிறது’ என்று சொல்லும் தொல்லையில் பெரும்பாலானது ஹெட்டின் குற்றமே அல்ல, ஒழுங்காக ட்யூன் ஆகாததன் குற்றம். ஹெட்டைச் சுற்றி இழுத்துப் பிடிக்கும் போல்ட்களில் ஒன்றின் பக்கம் இறுக்கமும் எதிர்ப்பக்கம் தளர்வும் இருந்தால், ஒரே படலத்தில் இரண்டு சுரங்கள் எழுந்து ஒன்றோடொன்று மோதி ‘வ்வாவ் வ்வாவ்’ என்று அலையும். அந்த அலைச்சலை எத்தனை டேப் ஒட்டினாலும் சரிசெய்ய முடியாது, மூட மட்டுமே முடியும்.

புது ஹெட்டை வைத்து, எல்லா போல்ட்டையும் முதலில் விரலால் முடிந்த அளவு இறுக்குங்கள். பிறகு போல்ட்டைத் திருகும் சாவியான கீயால் கால் சுற்று, கால் சுற்றாக, எப்போதும் எதிரெதிர் போல்ட்டாக. ஒரே திசையில் வரிசையாகச் சுற்றிக்கொண்டு போனால் ஹெட் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். சுருக்கம் போனதும் உள்ளங்கையால் நடுவில் நன்றாக அழுத்திவிடுங்கள், ஹெட் விளிம்பில் படிந்து உட்காரட்டும். அதன்பின் டிரம்மை மெத்தையிலோ தடித்த கம்பளத்திலோ வையுங்கள், அடிப்பக்க ஹெட் பேசாது. ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஓர் இன்ச் உள்ளே விரலால் சுண்டிப் பாருங்கள். எல்லா இடமும் ஒரே சுரம் சொல்லும்வரை சின்னச் சின்னதாகத் திருத்துங்கள். முதல் தடவை அரைமணி நேரம் போகும். போகட்டும். காது பழகிவிட்டால் பிறகு ஐந்து நிமிட வேலை.

மேலும் கீழும் ஒரே சுரத்தில் இருந்தால் கார்வை மிக நீளமாக இருக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் கூடக் கூடக் கார்வை குறையும். அதாவது ஒரு ரூபாய் செலவில்லாமல், ஒரு துண்டு டேப் இல்லாமல், ரீங்காரத்தைக் கூட்டவும் குறைக்கவும் கீயாலேயே முடியும். கீழ் ஹெட்டை மேல் ஹெட்டைவிடச் சற்று உயர்த்தி வைத்து ஆரம்பியுங்கள், அங்கிருந்து இரு பக்கமும் போய்ப் பாருங்கள்.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். டாமை அடிக்கும்போது ‘ஸ்ர்ர்ர்’ என்று ஓர் இரைச்சல் வந்தால் அது டாமே இல்லை, ஸ்னேரின் கம்பிகள் கூடவே அதிர்கின்றன. ஸ்னேரின் பக்கவாட்டு லீவரைத் தட்டிக் கம்பியைத் தளர்த்திவிட்டு அடித்துப் பாருங்கள். இரைச்சல் நின்றுவிட்டால் டாமில் கைவைக்கத் தேவையில்லை, டாமின் சுரத்தைக் கொஞ்சம் ஏற்றியோ இறக்கியோ ஸ்னேரிலிருந்து விலக்கினால் போதும்.

இவ்வளவும் செய்த பிறகும் மிச்சம் இருக்கும் ரீங்காரத்துக்குத்தான் வெளி அடக்கம். ஜெல் துண்டு, மடித்த துணி டேப், ஹெட்மேல் கிடக்கும் ஓர் இன்ச் அகல பிளாஸ்டிக் வளையம் என்று பல இருக்கின்றன. எதுவானாலும் விளிம்போரமாக, கட்டைவிரல் அகலத்துக்கு ஒரே ஒரு துண்டில் தொடங்குங்கள். ஒரு டிஷ்யூவை மடித்து, அதன் விளிம்புப் பக்க ஓரத்தை மட்டும் டேப்பால் ஒட்டி, கதவு மாதிரி விடுவது எனக்கு மிகவும் பிடித்த முறை. அடி விழும்போது அது துள்ளி எழுந்து ஒலிக்கு வழிவிடும், அடுத்த நொடி படிந்து வாலை மட்டும் நறுக்கும்.

பீட்டில்ஸின் ரிங்கோ ஸ்டார் 1960களின் இறுதியில் டாம்களின்மேல் தேநீர்த் துண்டு போட்டு வாசித்தார். அந்த மெத்தென்ற ஒலியைப் பிடித்துப்போய் இன்றும் பலர் துண்டு போடுகிறார்கள். லெட் செப்பெலினின் ஜான் பானம் இதற்கு நேர் எதிர். 26 இன்ச் கிக் டிரம்மைத் தாராளமாக ஒலிக்கவிட்டவர். இங்கிலாந்தில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பெரிய வீட்டின் மாடிப்படிக் கூடத்தில் அவர் செட்டை வைத்து, மேலே மைக் தொங்கவிட்டுப் பதிவு செய்திருக்கிறார்கள். இரண்டு ஒலியும் அந்தந்தப் பாட்டுக்குச் சரி. ரிங்கோவின் டிரம்முக்குப் பக்கத்திலேயே மைக் இருந்தது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். மைக் பக்கத்தில் இருந்தால் அடங்கிய டிரம்மும் பெரிதாகக் கேட்கும். மைக் இல்லாத சின்ன ஹாலில் அதே டிரம் பத்தடி தாண்டாது.

டிரம்மர் உட்கார்ந்திருக்கும் இடம் ரீங்காரத்தை எடைபோட மிக மோசமான இடம். இரண்டடி தூரத்தில் எல்லா மேற்சுரமும் காதில் விழும். அறையின் மறுமூலைக்குப் போவதற்குள் அவற்றில் பாதி தேய்ந்துவிடும், மிச்சத்தை கிட்டாரும் பேஸும் மூடிவிடும். நண்பரை அடிக்கச் சொல்லிவிட்டு எதிர்மூலையில் போய் நின்று கேளுங்கள். ஆள் இல்லையென்றால் போனை அங்கே வைத்துப் பதிவு செய்யுங்கள். டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் உள்ள அறை என்றால் அந்த அறையே ரீங்காரம் செய்யும். ஹெட்டைக் குறைசொல்லும் முன் செட்டுக்கு அடியில் கம்பளம் ஒன்றை விரித்து, ஜன்னலில் தடித்த திரை போட்டுப் பாருங்கள்.

எதை முதலில் வாங்குவது?

கிக் டிரம்மில் அடக்கம் உள்ளேயே இருக்கும் ஹெட்டை வாங்குங்கள், பவர்ஸ்ட்ரோக் 3 அல்லது வெளிப்புறம் ஃபோம் வளையம் மாட்டும் எவன்ஸ் ஈமேட். 22 இன்ச் டிரம் திறந்து ஒலித்தால் அந்த வால் பேஸ் கிட்டாரோடு மோதும், அதனால் இன்றைய பெரும்பாலான பாட்டுகளில் கிக் சுருக்கமாகத்தான் வேண்டியிருக்கிறது. இப்படி ஒரு ஹெட் இருந்தால் உள்ளே தலையணை திணிக்கத் தேவைப்படாது. முன் ஹெட்டில் ஓரமாக நாலைந்து இன்ச் துளை இருந்தால் காற்று வெளியேறி ஒலி இன்னும் சுருங்கும், மைக் வைக்கவும் வசதி.

ஸ்னேருக்கு மேலே 10 மில் கோட்டட் ஒற்றைப் படலம். எந்தப் பாட்டுக்கும் ஈடுகொடுக்கும், ரிங் அதிகமாகத் தெரிந்தால் ஒரு ஜெல் துண்டு போதும். டாமுக்கு மேலே 7+7 இரட்டைப் படலம், கீழே 10 மில் ஒற்றை. மென்மையாக வாசிக்கிறவர் என்றால், அல்லது ஜாஸ் பக்கம் போகிறவர் என்றால், மேலேயும் ஒற்றைப் படலம். சர்ச்சில் மைக் இல்லாமல் வாசிக்கிற தம்பி தங்கைகளும் ஒற்றைப் படலத்தை யோசிக்கலாம், மெதுவாக அடித்தாலும் அது பேசும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றப் பணம் இல்லையென்றால் ஸ்னேரின் மேல் ஹெட்டை முதலில் மாற்றுங்கள், அதிகம் அடிபடுவது அதுதான். பழையதைக் கழற்றி விரலால் தடவினால் நடுவே குழி குழியாகத் தட்டுப்படும். அப்படிப்பட்ட ஹெட்டில் ட்யூனிங் நிற்காது. அடுத்து கிக், பிறகு டாம்கள்.

ஃப்ளோர் டாமின் முறை வரும்போது, மேல் ஹெட்டைக் கழற்றிய கையோடு மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய பஞ்சு உருண்டை மூன்றை உள்ளே போட்டுவிட்டுப் புதியதை மாட்டுங்கள். அடிக்கும்போது அவை மேலே எகிறி, கீழ் ஹெட்டில் வந்து உட்கார்ந்து, நீண்ட வாலை மெல்லக் குறைக்கும். அதிகம் என்று தோன்றினால் ஒன்றை வெளியே எடுங்கள்.